முறைப்பாட்டுக் கொப்பி

ஒயில் ஃபில்டர் பெட்டியின் மூடியில்
மூன்று சிவப்பு வைரம்.
வைரமில்லையாம், குளத்தில் காய்க்கும் ஒரு கொட்டையின் பேராம் யப்பானில்;
கப்பலில் வேலை செய்த அருமைத்துரை சொன்னது.
ஊர்ப்பேரிலேயே மூன்று கோணம் வைத்திருக்கிறோம்,
எங்களுக்கு எதுவும் பொருந்தும்.

அநுராதபுரச் சந்தியில்
மருந்துக்கடைக்கும் பூட்டிக்கிடக்கும் பேக்கரிக்கும் நடுவில்
பதினொரு வருசமாய் வாகனப் பாகம் விற்கிறேன்.
சாமானுக்கு வருகிறவர்கள் சாமானோடு நிற்பதில்லை.
சொல்லச் சொல்லச் சிட்டைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவேன்.

கிண்ணியா இசுமாலெப்பை, கென்டர், மீன் லொறி:
எஞ்சின் சிங்கம். பொடி பப்படம்.
உப்புக்காற்று கதவைக் கீழிருந்து தின்னுது.
பாலம் வரமுன்னம் பாதையில் ஏற்றி இறக்கின காலத்திலும்
துறையில் நின்று மானத்தை வாங்கினதில்லை.

கந்தளாய் ஜயதிஸ்ஸ, அதே கென்டர்:
எத்தனை மூட்டை ஏற்றலாமென்று கொம்பனி எழுதியிருக்காம்.
அங்கே நெல்லுக்கு விலை இருக்கும், எழுதுவார்கள்.

உவர்மலை மனோரஞ்சிதம் டீச்சர், பெட்டி லான்சர்:
என்ர தம்பியும் இதுவும் குடிக்கத் தொடங்கினால் நிற்காது.
விற்க மனமில்லை, இரண்டையும்.

சாம்பல்தீவு குலவீரசிங்கம், டெலிக்கா வேன்:
குறை ஒன்றுமில்லை, நிறம் வெள்ளை.
ஒழுங்கைக்குள் திரும்பினால்
வீட்டுக் கதவெல்லாம் சாத்துப்படுகுது.

பெயின்ற் என்னிடமில்லை. விற்கும் கடையைக் காட்டினேன்.
மறுகிழமை பச்சை வேன் வந்தது,
கதவுப் பிணைச்சலுக்குள் மட்டும் பழைய வெள்ளை.

மத்தியானம் ஆளில்லாத நேரம்
ஃபோனில் கொம்பனியின் கதையை வாசித்தேன்.
கப்பலில் தொடங்கினவர்கள்.
முதல் காரைக் கையால் செய்து
இருபத்திரண்டோடு கைவிட்டவர்கள்.
பிறகு விமானம்.
நாற்பத்திரண்டு ஏப்ரலில் இந்த வானத்துக்கு வந்த சீரோக்கள்
இதே மூன்று வைரக்காரர் கட்டினவை.
அன்றைக்கு எரிந்த எண்ணெய்த் தாங்கியின் இரும்பு
சீனன்குடாப் பற்றைக்குள்
மெழுகுபோல் மடிந்து இன்னும் கிடக்கிறது.
அந்த வழியால்தான் இசுமாலெப்பையின் லொறி மீன் கொண்டுவருகிறது.
தோற்றபின் ஸ்கூட்டர் செய்தார்களாம்,
வெள்ளிப் புறா என்று பேர் வைத்து.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

இன்னும் கீழே:
வாகனக்காரர் எழுதிய முறைப்பாடுகளை
இருபது வருசத்துக்கு மேல்
அரசாங்கத்துக்குக் காட்டாமல் ஒளித்திருக்கிறார்கள்.
இரண்டாயிரமாம் ஆண்டில் அகப்பட்டது,
உடுப்பு மாற்றும் அறையில், லொக்கருக்குள்.

எங்கள் கந்தோர்களிலும் பூட்டின அலுமாரிகள் இருக்கின்றன;
அந்தத் தாள்கள் பிரேக்கைப் பற்றியவை அல்ல.
அதை எழுதத்தான் கொப்பியை எடுத்தேன்.
நியாயமான கோபம், எழுதச் சுகமாய் இருக்கும்.

கொப்பியில் ஒரு பக்கம் குறைகிறது.

போன மாரியில் இசுமாலெப்பைக்கு
பிரேக் லைனர் ஒரு சோடி விற்றேன்.
பெட்டியில் மூன்று வைரம், அச்சு கொஞ்சம் மங்கல்.
மங்கலென்று எனக்குத் தெரியும்.
பாதி விலைக்கு வந்த பெட்டி.
சீனன்குடா வளைவில் பிடிக்கவில்லை.
ஆளுக்கு ஒன்றுமில்லை,
ஐஸும் சூரை மீனும் தெருவெல்லாம்.
சாரத்தில் செதில் ஒட்டியபடி வந்து நின்றார்.
"கொம்பனியும் முந்தி மாதிரி இல்ல, தங்கச்சி."
ஓமென்றேன்.
அவர் சொன்னதை எழுதினேன், திகதி போட்டு,
அவருக்கு முன்னாலேயே.
லொறிச் சத்தம் சந்தி தாண்டினதும் கிழித்தேன்.

எறியவில்லை.
லாச்சிக்குள் இருக்கிறது.
திறப்பு, மற்றத் திறப்புகளோடு,
என்னிடம்.